பாத்தியில் அடங்காத எண்

ஈரச் சிமெண்டுக்கு ஒரு வாசனை உண்டு. மழை விட்டதும் கருங்கல்லை முகர்ந்தால் வருமே, அதில் ஒரு பிடி சாம்பலைக் கலந்த மாதிரி. நான் கட்டினதெல்லாம் அந்த வாசனையில்தான் தொடங்கியது. சென்ட்ர் டி ஃப்ளாக் பஸ் நிலையத்துக்குப் பின்னால் நிற்கிற மூன்று மாடிக் கட்டடம், அதன் பக்கத்தில் சிமெண்டு பிளாக் அடிக்கும் பட்டறை, நாலு பிள்ளைகளுக்கும் நாலு வீடு, எத்தனையோ புயலுக்கும் அசையாத பள்ளிக்கூடத்துப் பின்சுவர் எல்லாம் நான் கட்டினவை. எனக்காக யாரும் ஜாமீன் கையெழுத்துப் போடவில்லை, எந்தத் துரையும் தோளில் தட்டிக் கொடுக்கவில்லை, நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை அனுப்பிவிட்டது, ஆனாலும் கட்டினேன். இப்போது முழங்கால் மடங்குவதில்லை. விழாக்களில் என்னை முன்வரிசையில் உட்கார வைத்து, பேச மட்டும் கூப்பிடாமல், இளநீர் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அதில்கூட எனக்குக் கோபமில்லை; கோபப்படவும் ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது.

ஆனால் நான் முதன்முதலில் கட்டிய ஒன்று அந்தப் பட்டியலில் இல்லை. அதைக் கையால் கட்டவில்லை, கணக்கால் கட்டினேன். அப்போது எனக்குப் பதினோரு வயது இருக்கும்.

நாங்கள் ஃப்ளாக் பக்கத்துக் கரும்புத் தோட்டமொன்றின் கூலிக் குடியிருப்பில், லயத்தில், பிறந்தவர்கள். நான் நடை பழகுகிற பிள்ளையாக இருந்தபோது, எங்கள் முன்னோர் கப்பலில் வந்து இறங்கிய இந்தத் தீவு முழுக்கத் தோட்டங்களில் வேலைநிறுத்தமும் கலகமுமாக இருந்ததாம். அதில் வாய் திறந்த குற்றத்துக்காக என் அப்பாவைத் தோட்டத்தை விட்டு வெளியேற்றினார்கள். ஒரு சொல்லில் வீடு போயிற்று. அப்பா போர்ட் லூயி துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனார், அம்மாவும் நானும் கிராமத்தோரத்தில் தகரக் கூரை ஒன்றின் கீழ் வந்து சேர்ந்தோம். அப்படி வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் பல. தோட்டத்துக் கோயிலில் நிற்பதற்குக்கூடத் தோட்டத்துக்காரன் தயவு வேண்டும் என்று ஆனபோது, சனங்கள் சேர்ந்து சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்கி அதில் முருகனுக்கு ஒரு சன்னிதியும், பக்கவாட்டில் மாரியம்மனுக்கு ஒரு சின்னச் சன்னிதியும் எழுப்பினார்கள். இதற்கெல்லாம் முன்னின்றவர் முத்தையன் என்பவர். முன்பு தோட்டத்தில் வேலை வாங்கும் "சர்தாராக" இருந்து, கலகத்தில் சனங்கள் பக்கம் நின்று வேலையை இழந்தவர். வேலை போயிற்றே தவிர அதிகாரக் குரல் போகவில்லை. எல்லோருக்கும் அவர் கடைசிவரை சர்தார்தான்.

சன்னிதிக்கு முன்னால் தளம் போட வேண்டும் என்று வந்தபோதுதான் அந்த வேண்டுதல் பிறந்தது. ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு கல். உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டுமல்ல, கப்பலில் வந்து இறங்கியவர்கள், கரும்பு வெட்டிச் செத்தவர்கள், பிறந்ததுமே போய்விட்ட குழந்தைகள் என்று எல்லோருக்கும். சதுர அச்சில் சிமெண்டைக் கொட்டி அழுத்தி, ஈரம் காயுமுன் அடிப்பக்கத்தில் ஆணியால் பெயரைக் கீறுவார்கள். பெயர் மண்ணைப் பார்த்துக் கிடக்க வேண்டும், மிதிபடக் கூடாது, அதுதான் வழக்கம். இந்தத் தளத்தில் யார் பெயர் கிடக்கிறதோ அவரை இனி யாரும் எந்த இடத்தை விட்டும் போகச் சொல்ல முடியாது என்று சர்தார் சொல்வார். அதைக் கேட்டு அழுத கிழவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

யுத்தம் முடிந்தும் ரேஷன் அரிசி தீராத காலம் அது. பல வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் அந்தக் கல் அடிப்பிலேயே கழிந்தன. சுற்றுப்பட்ட லயங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து கல் அடித்தார்கள். ஒருவரும் எண்ணவில்லை. எண்ணக் கூடாது என்று இருந்தது. தோட்டத்தில் தினமும் விடியும்போது "ஆப்பெல்" என்று ஒன்று உண்டு. வரிசையில் நிறுத்தி மாட்டை எண்ணுகிற மாதிரி ஆளை எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கையில் வாழ்நாளைக் கழித்தவர்கள் அவர்கள். கோயில் கல்லை எண்ணப் போன என்னை அம்மாவே அதட்டினாள்: "எண்ணுறது தொரை வேல. சாமி எண்ணாது." நானும் அடங்கிவிட்டேன். கடைசிக் கல் அடித்த அன்று, அச்சுகளுக்குத் தேங்காய் உடைத்துப் பூசை செய்து, அவற்றை நொறுக்கி ஆற்றில் விட்டுவிட்டார்கள். இத்தனை பேர், இனி கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்பது அதன் பொருள்.

எத்தனை பேர் என்பதைத் தளம் போட வந்த மேஸ்திரிதான் கேட்டார். அவர் பெயர் அந்த்ரே. அவருடைய முன்னோர் புதுச்சேரியிலிருந்து கல்வேலைக்கு வந்தவர்களாம். இவர் மாதா கோயிலுக்குப் போகிறவர், பேசுவது க்ரியோல், தமிழில் அவருக்குத் தெரிந்தவை "தண்ணி", "போதும்" என்ற இரண்டே சொற்கள். எண்ணாமல் எப்படி அளவு போடுவது என்று அவர் கையை விரித்த பிறகு, வேறு வழியில்லாமல் எண்ணினார்கள். ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்று.

இங்கே ஒரு விளையாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. சிவக்கப் பூக்கும் ஃப்ளாம்போயான் மரத்துக் காய் வெடித்து விழும் விதைகளை வைத்து நாங்கள் "பாத்தி" கட்டி விளையாடுவோம். ஒருவன் கையில் வந்த விதையை அள்ளித் தரையில் போடுவான். மற்றவன் அவற்றை மிச்சமில்லாமல் சரிசமமான வரிசைகளாக அடுக்கிப் பாத்தியாக்க வேண்டும். ஒரே நீள வரிசையாக வைப்பது செல்லாது. பன்னிரண்டு விழுந்தால் மூன்று வரிசையில் நாலு நாலாக உட்காரும். பதின்மூன்று விழுந்தால் என்ன புரட்டினாலும் உட்காராது, ஒன்றாவது துருத்திக்கொண்டு நிற்கும். அப்படி அடங்காத எண்ணுக்கு "ஒண்டி" என்று பெயர். எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் "ஒண்டி" என்று சொல்பவனுக்கு விதையெல்லாம் சொந்தம். சொல்லி, அது பாத்தியாகிவிட்டால் தலையில் குட்டு. தொண்ணூற்றொன்றைப் பார்த்து ஒண்டி என்று சொல்லிக் குட்டு வாங்காத பயல் எங்கள் தெருவில் கிடையாது. அது ஏழு வரிசையில் பதின்மூன்று பதின்மூன்றாகச் சமர்த்தாக உட்கார்ந்துவிடும். கூடப் பிறந்தது நிலைக்காததால் என்னையும் பயல்கள் ஒண்டி என்றுதான் கூப்பிட்டார்கள். அந்த விளையாட்டில் என்னை ஜெயித்தவன் ஃப்ளாக்கிலும் இல்லை, பாம்ப்ளமூஸிலும் இல்லை. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை, உண்மை அப்படி.

அந்த்ரே மேஸ்திரி தளத்தை முதலில் சிமெண்டில்லாமல் வெறும் மண்ணில் பரப்பிப் பார்த்தார். பூசாரி ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: சாமி முன் தளம் நாலு மூலையும் நிறைந்திருக்க வேண்டும், கல்லை உடைத்து வைக்கக் கூடாது, குழி விடக் கூடாது. நூறு நூறாக அடுக்கினார், கடைசி வரிசையில் எழுபத்து மூன்றோடு நின்றது. கலைத்தார். தொண்ணூற்றைந்தாக அடுக்கினார், இரண்டே இரண்டு கல் குறைந்தது. அந்த இரண்டை எங்கேயாவது வாங்கி வைத்துவிடலாம் என்று அவர் சொன்னதைக் கேட்டுச் சனங்கள் நடுங்கிப் போனார்கள். யாருக்கென்றும் இல்லாத வெறுங்கல்லைத் தளத்தில் வைத்தால், அது தனக்கு ஒரு பெயரைத் தேடிக்கொள்ளும், அதாவது வீட்டில் ஒரு சாவு விழும் என்பது நம்பிக்கை. மறுபடி கலைத்தார். வாரக்கணக்கில் பரப்புவதும் அள்ளுவதுமாக இருந்தது. கற்களைச் சுமந்து சுமந்து பெண்களின் உள்ளங்கை உரிந்தது. ஒரு நாள் அந்த்ரே, கரணையை வீசிவிட்டு மண்ணில் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த தமிழில், "போதும்" என்றார்.

நான் அதற்குள் கணக்கை முடித்து வைத்திருந்தேன். எப்படி என்று யாராவது கேட்டால் சொல்லலாம் என்று இத்தனை வருஷம் காத்திருந்தேன், ஒருவரும் கேட்கவில்லை, ஆகையால் கேட்காமலே சொல்கிறேன். நூறு வரிசையில் நூறு வைத்தால் பத்தாயிரம் ஆகிவிடும். நம்மிடம் இருப்பது அதற்கும் குறைவு. ஆக எந்தப் பாத்தி கட்டினாலும் அதன் ஒரு பக்கமாவது நூறுக்குள்தான் இருந்தாக வேண்டும். நூறுக்கு மேலே தேடுவது வீண். நூறுக்குள்ளும் எல்லா எண்ணையும் பார்க்கத் தேவையில்லை. இரண்டில் அடங்காதது நாலிலும் ஆறிலும் அடங்காது, மூன்றில் அடங்காதது ஒன்பதில் அடங்காது, ஒண்டிகளை மட்டும் பார்த்தால் போதும். நூறுக்குள் ஒண்டிகள் இருபத்தைந்து. இரண்டில் தொடங்கித் தொண்ணூற்றேழு வரை ஒவ்வொன்றாக வகுத்தேன், ஒவ்வொன்றிலும் மிச்சம் வந்தது. ஆக எங்கள் கல்லின் எண்ணிக்கையே ஒரு ஒண்டி. பத்தாயிரத்துக்குள் அதைவிடப் பெரிய ஒண்டி கிடையாது. அதையும் அப்புறம் பார்த்துவிட்டேன்.

சர்தாரிடம் போய்ச் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மொளைச்சு மூணு எல விடல, கோயில் காரியத்துல முடியாதுங்கிறியா நீ?"

"முடியாது சர்தார். அது ஒண்டி."

"நீதாண்டா ஒண்டி," என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அந்த்ரே மட்டும் சிரிக்கவில்லை. யாரோ மொழிபெயர்த்துச் சொல்ல, அவர் என்னை அருகில் கூப்பிட்டு, இத்தனை வாரமாக முயன்ற அளவுகளைத் தரையில் எழுதி, ஒவ்வொன்றிலும் எத்தனை மிச்சம் வரும் என்று கேட்டார். அவர் கல்லைத் தூக்கிக் கண்டுபிடித்ததை நான் நின்ற இடத்தில் சொன்னேன். அவர் சர்தாரைப் பார்த்து, "பா கப்பாவ்," என்றார். முடியாது என்பதற்கு க்ரியோலில் அதுதான் சொல். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

சர்தார், அப்படியானால் எதுதான் உட்காரும் என்று என்னையே கேட்டார். கேட்டதற்குப் பதில் தெரிந்தால் எவன்தான் சும்மா இருப்பான்? ஐந்து கல்லை எடுத்துவிட்டால் எண்பத்தொன்பதுக்கு நூற்றுப் பன்னிரண்டு அழகாக உட்காரும் என்று சொன்னேன். அந்த முற்றத்துக்கு அச்சாகப் பொருந்துகிற அளவு. சர்தார் முகம் தெளிந்தது. எந்த ஐந்து என்பதில் அவருக்கு அதிக யோசனையும் வேண்டியிருக்கவில்லை. பெயர் வைக்குமுன் போன குழந்தைகளுக்கென்று சில கற்கள் இருந்தன. கீற எழுத்து இல்லாததால் தாய்மார் அடிப்பக்கத்தில் ஏதோ ஒரு குறி மட்டும் போட்டிருப்பார்கள். பெயரே இல்லாதவற்றை விட்டால் யாரையும் விட்டதாக ஆகாது என்றார். குவியலின் மேலே கிடந்த அப்படிப்பட்ட ஐந்தை எடுத்துத் தனியே வைக்கச் சொன்னார். அதில் மேலாக இருந்தது ஒரு சின்ன வட்டம் கீறிய கல். என் தங்கைக்காக அம்மா அடித்தது. எங்களை லயத்தை விட்டு வெளியேற்றிய மழைக்காலத்தில் பிறந்து, தகரக் கூரைக்கு வந்து சேர்வதற்குள் போய்விட்ட பிள்ளை.

அம்மாவுக்குச் சேதி எப்படிப் போனதென்று தெரியாது. கரும்புக் காட்டிலிருந்து அப்படியே வந்தாள், காலில் சுற்றிய சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. ஐந்து கல்லிலிருந்து தன் கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு முற்றத்தின் நடுவில் உட்கார்ந்துவிட்டாள். அழவுமில்லை, ஏசவுமில்லை. சர்தார் அவளிடம் மெதுவாகத்தான் பேசினார்.

"தங்கச்சி, பேரு வச்சிருந்தா நான் தொடுவேனா? கணக்கு அப்படி வந்து நிக்கிது. ஒம் மவனே சொல்லிட்டான்."

அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எந்தப் பாத்தியிலும் அடுக்க முடிந்ததில்லை. பிறகு சர்தாரிடம் திரும்பினாள்.

"ஒரே சொல்லுல வீட்ட விட்டுப் போகச் சொன்னான் தொர. அன்னிக்கி நீங்க எங்க பக்கம் நின்னீங்க அண்ணே. இப்ப நீங்களே அந்தச் சொல்லச் சொல்றீங்க."

அம்மா மடியிலிருந்த கல்லின் மண்ணைத் துடைத்துவிட்டு, பக்கத்துச் சன்னிதியைக் கைகாட்டினாள்.

"ஒரு வாசல்ல எடமில்லன்னா ரெண்டு வாசலாப் போடுங்க. அங்க மாரியம்மா மண்ணுலதான நிக்கிறா."

முருகன் சன்னிதித் தளத்தைப் பற்றியே யோசித்து யோசித்து, அம்மனுக்குத் தளமே இல்லை என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். பூசாரி கண்ணை மூடி யோசித்தார். இரண்டாகப் போடலாம், ஆனால் ஒரு தெய்வத்துக்கு நீளம், இன்னொன்றுக்கு அகலம் என்று வைத்தால் மனத்தாங்கல் வரும். இரண்டும் நாலு பக்கமும் சமமான சதுரமாக இருக்க வேண்டும், சிறிசு பெரிசாக இருந்தால் பாதகமில்லை என்றார். கூட்டம் மறுபடி சோர்ந்தது. ஒரு பாத்திக்கே அடங்காத எண் இரண்டு சதுரத்துக்கு எங்கே அடங்கப் போகிறது என்று ஒருவர் முணுமுணுத்தார்.

ஆனால் நான் விதை விளையாட்டில் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன். ஒண்டிகளில் இரண்டு சாதி உண்டு. நாலு நாலாக எடுத்துக்கொண்டே போனால் சிலவற்றில் கடைசியில் ஒன்று மிஞ்சும், சிலவற்றில் மூன்று மிஞ்சும். மூன்று மிஞ்சுகிற ஏழு, பதினொன்று, பத்தொன்பது போன்றவை முரட்டு ஒண்டிகள், இரண்டு சதுரமாக ஒருக்காலும் பிரியாது. ஒன்று மிஞ்சுகிறவை பிரியும்: பதின்மூன்று என்றால் ஒன்பதும் நாலும், இருபத்தொன்பது என்றால் இருபத்தைந்தும் நாலும், நாற்பத்தொன்று என்றால் இருபத்தைந்தும் பதினாறும். அதுவும் ஒரே ஒரு விதமாகத்தான் பிரியும், இரண்டாவது வழி இராது. ஏன் அப்படி என்று கேட்டால் அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. விதைகள் அப்படித்தான் நடந்துகொண்டன. இந்த எண்ணை நாலு நாலாகக் கழித்தேன். ஒன்று மிஞ்சியது.

"அம்மா, உக்காரும்," என்றேன். அவளிடம் மட்டும்தான் சொன்னேன்.

முற்றத்து மண்ணிலேயே மண்டியிட்டு, ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு, பெரிய சதுரத்திலிருந்து தொடங்கினேன். தொண்ணூற்றொன்பதுக்குத் தொண்ணூற்றொன்பது போட்டால் மிச்சம் நூற்று எழுபத்திரண்டு, அது சதுரமில்லை. அடுத்தது முந்நூற்று அறுபத்தொன்பது, அதுவுமில்லை. ஒன்று ஒன்றாக இறங்கி வந்தேன். பெரியவர்கள் சுற்றி நின்று என் முதுகுக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள், யாரோ ஒருவர் எனக்கு வெயில் படாமல் குடையைப் பிடித்தார். அம்மா மடியிலிருந்த கல்லின் மேல் வைத்த கையை எடுக்கவே இல்லை. எண்பத்தைந்தில் இல்லை, எண்பத்து நாலில் இல்லை, எண்பத்து மூன்றில் இல்லை. விதை விளையாட்டில் பார்த்தது சின்ன எண்களில்தானே, இவ்வளவு பெரியதில் அது பொய்த்துப் போனால்? எண்பத்திரண்டுக்கு எண்பத்திரண்டு. மிச்சம் மூவாயிரத்து இருநூற்று நாற்பத்தொன்பது. அது ஐம்பத்தேழுக்கு ஐம்பத்தேழு.

இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு எழுந்தேன். முருகனுக்கு எண்பத்திரண்டு, அம்மனுக்கு ஐம்பத்தேழு, ஒரு கல் மிச்சமில்லை, ஒரு கல் குறைவில்லை. அந்த்ரே அன்றைக்கே கயிறு பிடித்தார். அம்மன் தளத்தின் கடைசி மூலையில் கடைசிக் கல்லை அம்மா தன் கையாலேயே, வட்டம் மண்ணைப் பார்க்கும்படி வைத்தாள். அது கச்சிதமாக இறங்கியபோது அந்த்ரே தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "போதும்," என்றார். இந்த முறை அந்தச் சொல்லுக்கு வேறு ஓசை இருந்தது.

குடமுழுக்கு அன்று சர்தாருக்கு மாலை, பூசாரிக்குப் பட்டு, அந்த்ரேவுக்கு ஒரு சட்டைத் துணி. எனக்கு ஒரு கிண்ணம் பாயசம். நானும் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. பயல்கள் என்னை ஒண்டி என்று கூப்பிடுவதை விட்டால் சரி என்று இருந்தேன், விடவில்லை. தீவு சுதந்திரம் அடைந்து கொடி ஏறிய நாளில் எங்கள் சனங்கள் அந்தத் தளத்தில்தான் கூடி நின்றார்கள். பட்டறை போட்டுப் பிளாக் அடிக்கத் தொடங்கியிருந்த நானும் அவர்களோடு நின்றேன், அம்மா அம்மன் தளத்து மூலையை விட்டு நகரவில்லை. அவளும் போய்ச் சேர்ந்து நாளாயிற்று.

இப்போது ஆலயக் குழுவினர் அந்தத் தளங்களைப் பெயர்க்கிறார்கள். இரண்டையும் ஒன்றாக்கி, பளபளப்பான வெளிநாட்டுக் கல் போடுகிறார்கள். எத்தனை கல் என்று ஒருவருக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம். வெட்டுகிற யந்திரம் வந்துவிட்டது, மிஞ்சினால் நறுக்கிவிடலாம். ஒண்டி என்ற சொல் தெரிந்த பிள்ளை ஊரில் ஒன்றும் இல்லை. என் பேத்தி மட்டும் கைபேசியில் பார்த்து, இப்போது கண்டுபிடித்திருக்கிற பெரிய ஒண்டிக்குக் கோடிக்கணக்கான இலக்கங்கள் என்றாள். நாலு நாலாக எடுத்து ஒன்று மிஞ்சுகிற சமாசாரத்தையும் எவனோ ஒரு வெள்ளைக்காரன் முந்நூறு வருஷத்துக்கும் முன்பே சொல்லிவிட்டானாம். சொல்லட்டும். அவன் ஃப்ளாக்குக்கு வந்து மண்ணில் மண்டியிடவில்லை.

புதிய தளத்துக்கு ஒரு பளிங்குப் பலகை வைக்கப் போகிறார்களாம். அதில் பொறிக்கப் போவதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள்: பழைய தளங்கள் இரண்டும் பூசாரி கனவில் கண்ட அளவுப்படி அமைந்தவை. நான் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. களைப்பாக இருந்தது. வெளியே வந்தபோது பெயர்த்த கற்கள் அடிப்பக்கம் மேலாகக் குவிந்து கிடந்தன. வெயில் பட்டு அறியாத அத்தனை பெயர்களும் வெயிலில் கிடந்தன. குவியலைக் கிளறிக் கிளறி என் கல்லைக் கண்டெடுத்தேன், வேலாயுதன் என்று அம்மா சொல்லச் சொல்ல நானே கீறியது. அம்மன் தளத்து மூலையில் கிடந்த, தங்கையின் வட்டம் கீறிய கல்லையும் தேடி எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன்.

ஆலயக் குழுவினருக்கு இதைப் படிக்க நேரமிருந்தால் படிக்கட்டும். இரண்டு சதுரம் கனவில் வரவில்லை. இரண்டு வாசல் என்று சொன்னவள் என் அம்மா. எண்பத்திரண்டு, ஐம்பத்தேழு என்று சொன்னவன் நான். அதற்கும் முன்னால், அது ஒரு பாத்தியில் அடங்காது என்று சர்தாரின் முகத்துக்கு நேரே சொன்னவனும் நான்தான். முடியும் என்றவனுக்கு எல்லோரும் மாலை போடுவார்கள். முடியாது என்று முதலில் ஒருவன் சொல்லியிராவிட்டால் இன்றைக்கும் அந்தக் கல்லை அடுக்கிக் கலைத்துக்கொண்டிருப்பார்கள். பலகையில் இதை எழுத வேண்டும். எங்கள் இரண்டு கல்லையும் புதிய தளத்தில் பக்கத்தில் பக்கத்தில் பதிக்க வேண்டும். இந்த முறை பெயரும் வட்டமும் மேலே தெரிய வேண்டும். மிதிபட்டால் படட்டும். இத்தனை வருஷம் குப்புறக் கிடந்தது போதும்.